அப்பாவின் ஓய்வுநாளை மாற்றியவள்

பத்து வயதில் நான் ஒரு பியூரிட்டன் ஞானியை விவாதத்தில் தோற்கடித்தேன். அவர் இறந்து முந்நூறு வருடங்கள் ஆகியிருந்தன என்பது வேறு விஷயம்.

அப்பா ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு வண்டி உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர். ஊருக்குத் திரும்பிப் போன ஒருவர் விட்டுச்சென்ற தடித்த புத்தகம் அப்பா கையில் சிக்கியது. அன்றிலிருந்து அதை எழுதிய, கண்டிப்புக்குப் பேர்போன அந்தப் பழைய கிறிஸ்தவப் பிரிவின் ஞானி எங்கள் வீட்டில் ஒரு ஆளாகிவிட்டார். விளையாட்டுக்கும் பொய் சொல்லாதே, அடுத்தவரைக் குறை சொல்லுமுன் உன்னையே விசாரித்துக்கொள் என்று அவர் எழுதியதையெல்லாம் அப்பா இட்லியோடு சேர்த்துப் பரிமாறுவார். எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது, ஓய்வுநாள் அதிகாரம் வரும்வரை. கர்த்தருடைய நாளில் வேலையும் கேளிக்கையும் கூடாதாம். அங்கே எங்களுக்கு விடுமுறையும் சர்ச்சும் வெள்ளிக்கிழமைதான். ஆகவே வெள்ளிக்கிழமை டிவி கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை இந்தியா ஆடும் இறுதிப்போட்டி. அதுவும் எங்கள் ஷார்ஜாவிலேயே! சர்ச்சிலிருந்து திரும்பியதும் ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்தப் புஸ்தகத் தாத்தா ஓய்வுநாள்னு எந்தக் கிழமையச் சொல்லுதாரு?"

"ஞாயித்துக்கிழமையத்தான்."

"அப்போ இன்னைக்கு டிவி பாத்தா என்ன? ஞாயித்துக்கிழம நீங்க டூட்டிக்குப் போறதுதான தப்பு?"

"ஏட்டி, வாயில ரெண்டு போட்டாத்தான் அடங்குவ" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்தினாள்.

அப்பா கோபப்படவில்லை. புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தார். "அவ சொல்லுறது சரிதான்" என்று எழுந்துபோய் டிவியைப் போட்டார். இந்தியா தோற்றது. நான் ஜெயித்திருந்தேன்.

ஞாயிறு காலை கம்பெனி வண்டி கீழே ஹாரன் அடித்தது. அப்பா இறங்கவில்லை.

"விசா கம்பெனி கையில இருக்கு. சின்னப்பிள்ள பேச்சக் கேட்டு வேலைய விடுவாங்களா?" அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது.

"சின்னப்பிள்ள சொன்னா சரி தப்பாயிருமா?" என்றார் அப்பா. ஒன்று சரியென்று யார் சொல்லித் தெரிந்தாலும், தெரிந்த உடனே அதன்படி நடக்க வேண்டுமென்று அந்த ஞானி எழுதியிருந்தாராம்.

மறுநாள் மானேஜர், "கலாஸ், எல்லாம் முடிஞ்சுது, ஊருக்குப் போ" என்று சத்தம் போட்டிருக்கிறார். ஞாயிறுக்குப் பதில் வெள்ளிக்கிழமைகளில் கிடங்கைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பா கேட்டிருக்கிறார். விடுமுறையன்று வேலைக்கு வர யாரும் கிடைக்காத இடம், மானேஜர் இறங்கிவந்தார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை சர்ச்சுக்கு நானும் அம்மாவும் மட்டும் போனோம். ஞாயிற்றுக்கிழமை நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது, அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தனக்குத்தானே மெதுவாகப் பாட்டுப் பாடி ஆராதனையைத் தொடங்கியிருப்பார். ஊருக்குத் திரும்பும்வரை நாங்கள் மூவரும் சேர்ந்து வீட்டில் இருந்த விடுமுறை நாள் ஒன்றுகூட இல்லை.

எனக்கோ, வெள்ளிக்கிழமை மதியங்களில் சோபா முழுவதும் கிடைத்த சந்தோஷம். கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தேன்.