சூளைப்பெட்டியின் கைப்பிடி

இது கட்டுக்கதை இல்லை. பட்டப்பகல்ல, என் கண் முன்னாடி, என் அக்கா வேலை பார்த்த இடத்துல நடந்தது. நம்பாதவங்க நம்பாமலே போங்க. எனக்கு இப்பவும் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம்.

நான் படகோட்டி. புதுசா வந்த பயணிகள் படகுல எஞ்சினுக்குப் பதிலா திட ஆக்சைடு எரிபொருள் கலம். பீங்கான் தகடுகளை அடுக்கின இரும்புப் பெட்டி. எழுநூறு டிகிரி சூட்டுல கேஸை மின்சாரமாக்கும். நாங்க சூளைன்னு சொல்வோம். கடல் உப்பை அது எத்தனை நாள் தாங்கும்னு சோதிக்க வந்தவதான் அக்கா.

ஒரு வாரத்துலயே மின்சாரம் இறங்கிடுச்சு.

"புதுப் பெட்டி! அதுக்குள்ள உப்பு எப்படிய்யா ஏறும்?" அக்கா படகு முதலாளியைப் பிடிச்சு உலுக்கிட்டா.

"சாயங்காலம் படகு கிளம்பணும். திறந்து சரி பண்ணு."

"உள்ள கேஸ் கசிஞ்சு நிக்குது. இந்தச் சூட்டுல திறந்தா குப்புன்னு பிடிக்கும். ஆற ஒரு நாள் ஆகும். என் தம்பி போற படகுய்யா இது!"

"பயந்தாங்கொள்ளி. தள்ளு."

கையுறையை மாட்டிக்கிட்டு அவரே போனார். அக்கா தடுத்தா. அவளைத் தள்ளிவிட்டார், படுபாவி.

கைப்பிடி திரும்பல.

முக்கினார். கொஞ்சம் திரும்பும்... பழைய இடத்துக்கே வரும். யாரோ எதிர்ப்பக்கம் இழுக்கிற மாதிரி.

"டேய்... கைப்பிடியைப் பாரு." அக்கா என் தோளைப் பிடிச்சா.

ஈரம்.

தொட்டா பொசுங்குற இரும்பு. ஆவி வரல.

சொட்... சொட்...

முதலாளி அலறினார். கையுறையை உதறிட்டு ஓடினார். அவர் மணிக்கட்டுல அஞ்சு விரல் தடம். வெள்ளையா. உப்பு.

படகு கிளம்பல. மறுநாள் ஆறின பெட்டியைத் திறந்தோம். சூடு வெளிய வராம சுவர்ல அடைச்சிருந்த பஞ்சுக்குள்ள கருகின சிப்பி.

"கடலடியில கிடந்ததுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கான்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்கான்!" அக்கா கத்தின கத்தலுக்குத் துறைமுகமே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெட்டியைக் கடல்ல முங்கி எடுத்த ஆளை விசாரிச்சுப் பிடிச்சோம். முதலாளியோட பழைய படகு மூழ்கின கதையை அவர்தான் சொன்னார்.

"மெக்கானிக் ஒருத்தன் இந்தப் பெட்டியோட கைப்பிடியைப் பிடிச்சபடியே செத்திருந்தான்மா. பெட்டிக் கதவோட பூட்டு உடைஞ்சிருந்தது. எல்லாரும் குதிச்சுத் தப்பிக்கிற வரைக்கும் அது திறந்துடாம பிடிச்சிருந்திருக்கான்."

அக்கா அழுதா. "கையை எப்படி எடுத்தீங்க?"

"எடுக்க முடியல. கைப்பிடியை அறுத்து, அவனை அதோடயே புதைச்சோம். நீங்க பார்த்த கைப்பிடி புதுசும்மா."