டேப் தீர்ந்த இடம்

ஓடைப்பட்டியில் நண்பனின் திராட்சைப் பந்தலுக்குக் கீழேதான் எங்கள் சண்டை நடக்கும். கல்லூரிக் காலத்தில் கேட்ட பிரிட்டிஷ் ராக் ஆல்பங்களில் எது இன்னும் பழசாகவில்லை என்பதுதான் வழக்கு. அவன் எப்போதும் ஒரே ஆல்பத்தைத்தான் சொல்வான்.

“கடைசிப் பாட்டு அந்தரத்துல நிக்குது பாரு. இப்படி முடிக்க எவனுக்குடா தைரியம் வரும்?”

கம்பத்துக் கடையில் காலி கேசட்டில் பதிந்து வாங்கிய ஆல்பம் அது. பல வருடம் கழித்து, தேனி பிரவுசிங் சென்டரில் அந்தப் பாட்டை முழுதாக இறக்கினேன். பாட்டு அந்தரத்தில் நிற்கவில்லை. எங்கள் கேசட்டில் டேப்தான் தீர்ந்திருக்கிறது. மிச்சப் பகுதி, எல்லாப் பாட்டையும் போல, கோரஸும் கைதட்டலுமாக முடிந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஜெயிக்கிற வெறியில், மறு ஞாயிறே செல்போனில் போட்டு அவன் காதில் வைத்தேன். கடைசிவரை கேட்டான்.

“நல்லாத்தேன் இருக்கு” என்றவன், கவாத்துக் கத்தரியை எடுத்துக்கொண்டு கொடிகளுக்குள் போய்விட்டான். அதன்பிறகு ஆல்பம் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போதும் அந்தப் பாட்டைப் போட்டால், டேப் தீர்ந்த இடம் வந்ததும் நானே நிறுத்திவிடுகிறேன். அங்கே முடிந்தால்தான் அது பழசாகாமல் இருக்கிறது. இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை.