செவலையின் வாய்க்குள் கையை விட்டவள்

கண்ணாத்தாள் திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஏழு மைலில் இருந்த அந்தத் தோட்டத்து வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. கணவன் சின்னுசாமி நல்லவன்தான். அண்ணன் செங்கோட்டையன் எதிரே நின்றால் மட்டும் அவனுக்கு வாய் வராது. அந்த வீட்டில் அவள் கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருவது செவலை நாய் ஒன்றுதான். குட்டியிலிருந்தே அவள் கையால் தின்று, அவள் பாயோரத்தில் படுத்து வளர்ந்தது.

இரண்டாவது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் மாசி மாதம், வாசற்படியில் கிடந்த செவலையைச் செங்கோட்டையன் காலால் எத்தினார். அது பல்லைக் காட்டி உறுமியது.

அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். எல்லோரும் உண்டு முடித்த பிறகுதான் அதற்குச் சோறு. வீட்டுக்குள் வரக்கூடாது, கட்டுத்தரையில் மாடுகளோடு சங்கிலி. வழியில் படுத்திருந்தால் சுற்றிப் போகாமல் உதைத்து எழுப்ப வேண்டும்.

"நாய்க்கு ஊட்டுக்குள்ள எடங் குடுத்தா, அதுதான் பண்ணாடி, நாமெல்லாம் பண்ணையாளுன்னு நெனச்சுக்கும்" என்றார்.

நாய் வளர்த்த எல்லோரும் சொல்வதுதான் அது. தான் கொடுத்த செல்லம்தான் கெடுத்துவிட்டதோ என்று கண்ணாத்தாளும் பயந்தாள். பன்னிரண்டு நாள் அவர் சொன்னபடியே நடந்தாள்.

நாய் இன்னும் மோசமாயிற்று. வட்டிலை வைத்தால் அவளைப் பார்த்தே உறுமியது. உறுமிவிட்டு, சோற்றைத் தொடாமல் தலையைத் திருப்பிக்கொண்டது. அதுதான் அவளை உறுத்தியது. திமிர் பிடித்த நாய் சோற்றையல்லவா முதலில் காலி பண்ணும்? பட்டினி கிடக்கிற நாய் ஏன் சோற்றைக் கண்டு பயப்படுகிறது? அண்ணனிடம் பேசும்படி கணவனைக் கெஞ்சினாள். அவன் மாடு பிடித்துக் கட்டப் போய்விட்டான். செங்கோட்டையனோ, சந்தையிலிருந்து திரும்பியதும் நாயை அடித்துப் போடப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் வண்டி மறைந்ததும் கட்டுத்தரைக்கு ஓடினாள். நாயின் தலையை மடியில் இடுக்கி வாயைப் பிளந்தாள். மேலண்ணத்தில் குறுக்காக ஓர் எலும்புத் துண்டு சிக்கி, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. விரலை விட்டு நெம்பினாள். எலும்பு வந்துவிட்டது, வலியில் நாய் அவள் கையைக் கடித்தும்விட்டது. கொஞ்ச நேரத்தில், அவள் ஊற்றிய கஞ்சியை அது நக்கிக் குடித்தது.

அன்றைக்கே திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்; டாக்டர் காயத்தைக் கழுவிக் கட்டினார். நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்கச் சொன்னார். உயிரோடு இருந்தால் வெறி இல்லை. செத்தாலோ காணாமற்போனாலோ ஊசி போட உடனே வரவேண்டும்.

கண்ணாத்தாள் செங்கோட்டையனின் காலடியில் உட்கார்ந்தாள். "பத்து நாளு உட்டுருங்க மாமா. அது உசுரோட கெடந்தாத்தானுங்க நான் பொழைப்பனான்னு தெரியும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஆறாம் நாள் அவள் தண்ணீர் சேந்திக்கொண்டு திரும்பியபோது சங்கிலி மட்டும் கிடந்தது. கடிக்கிற நாயை வைத்திருக்க முடியாதென்று அடித்துப் புதைத்துவிட்டதாக அவரே சொன்னார். செவலைக்காக அழக்கூட அவளுக்கு வாய்க்கவில்லை. இனி எதைப் பார்த்துத் தேறுவது என்கிற பயம் தொண்டையை அடைத்தது. தொண்டை அடைத்ததும், இதுதான் நோயோ என்று நடுங்கினாள்.

சின்னுசாமி வண்டியைப் பூட்டினான். வண்டி தனக்கு வேண்டுமென்று அண்ணன் தடுத்தார். "இது ஆஸ்பத்திரிக்குப் போவுதுங்ணா" என்றான். அண்ணனை எதிர்த்து அவன் சொன்ன முதல் வார்த்தை அது.

பதினாலு நாள், பதினாலு ஊசி, எல்லாம் வயிற்றில். வீங்கிய வயிற்றோடு வண்டியில் ஒருக்களித்துக் கிடந்து போய்வந்தாள். ஊசி முடிந்தும் பயம் முடியவில்லை. நோய் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், வந்தால் தண்ணீர் தொண்டையில் இறங்காது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். விடிந்ததும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் வைத்து, இறங்குகிறதா என்று பார்ப்பாள். இறங்கினால் அன்றைக்கு ஒரு நாள்.

ஆடியில் சின்னுசாமி தோட்டத்து மேட்டில் தனியாகக் கூரை வேய்ந்து ஒரு சாளை போட்டான். கண்ணாத்தாள் அங்கே பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினாள். தண்ணீர்ச் சொம்பை வாயில் வைக்கும்போது அவள் கை கொஞ்சம் தயங்குவதைக் கடைசிவரை அவன் பார்த்தான்.