கை கொடுக்கும் வரிசை

ஐஸ் ஹாக்கியில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் வரிசையாக வந்து கை கொடுக்கவேண்டும். மொன்ட்ரியால்-நோர் அரங்கில் என் மகளின் ஆட்டம் பார்க்கப் போனால், அந்த நேரத்தில் மட்டும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். கல்லூரி அணியில் எங்கள் கோல்கீப்பராக இருந்தவளின் நீட்டிய கை கண்ணுக்குள் வந்து நிற்கும்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பூர்வகுடிப் பெண் அவள். என்ன ஆட்டம்! அவள் நின்றால் வலைக்குள் ஈகூட நுழையாது. மாகாண அணிக்குத் தெரிவாகவேண்டும் என்பதே அவளுடைய ஒரே ஆசை. அதற்கு எங்கள் அணியை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் வரிசையில் அவள் முறை வந்ததும் எதிரணிக் கைகள் சட்டென்று பின்வாங்கும். அடுத்து நிற்கும் எனக்குச் சிரித்துக்கொண்டே கை கொடுப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளோ கடைசி ஆள் போகும்வரை கையை மடக்கமாட்டாள். பிறகு உடைமாற்றும் அறையில் சுவரைப் பார்த்தபடி தனியே இருப்பாள். முறையிட்டோம். இதெல்லாம் சகஜம் என்றார் பயிற்சியாளர்.

ஒருநாள் அம்மா பார்க்க வந்தார். ஆட்டம் ஒரு மண்ணும் விளங்கவில்லை. வரிசையை மட்டும் கவனித்திருக்கிறார்.

"பிள்ளை, அந்தப் பெட்டை வீட்டில துடக்கோ? ஒருத்தரும் கை குடுக்கேல்லை."

சாவு விழுந்த வீட்டாரைத் துடக்குக் கழியும்வரை தொடாமல் ஒதுங்குவது எங்கள் வழக்கம். அம்மா அப்படி நினைத்துவிட்டார்.

"துடக்கு ஒண்டும் இல்லையம்மா. அவள் பூர்வகுடி. அதுக்காகத்தான் தொடமாட்டினம்."

அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. ஊரில் யார் யாரைத் தொடமாட்டார்கள் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மெட்ரோவில் வீடு திரும்பினோம். இறங்கும்போது, "அடுத்த கிழமையும் வாறன். நான் அந்தப் பிள்ளைக்குக் கை குடுக்கவேணும்" என்றார்.

அடுத்த ஆட்டத்துக்குக் களமிறங்குமுன் பயிற்சியாளர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், பெரிய மூளைசாலி! வீண் பிரச்சினை வேண்டாமாம். அவள் மட்டும் வரிசைக்கு வராமல் நேரே உள்ளே போய்விடவேண்டுமாம்.

"அப்படியென்றால் நான் இந்த அணியில் இல்லையா?" என்று கேட்டாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். பின்னால் ஓடினேன், நிற்கவில்லை. மாகாண அணியும் அத்தோடு போயிற்று. இப்போது எங்கே இருக்கிறாளோ, தெரியாது.

அன்று வரிசை தடங்கலில்லாமல் முடிந்தது. ஒரு கையும் பின்வாங்கவில்லை. "பார்த்தீர்களா, இன்றைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றார் பயிற்சியாளர். வாசலில் அம்மா, கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு, வெளியே வந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி நின்றார்.