முதல் முடி வெட்டியவன்

எங்கள் ஃபிராங்கிய நாட்டு ராஜவம்சத்துக்குத் தலைமுடிதான் மணிமுடி. பிறந்ததிலிருந்து கத்திரி படாமல் இடுப்புவரை தொங்கும். ராஜா பேருக்குத்தான்; நாட்டை ஆண்டதென்னவோ அரண்மனைக் காரியக்காரர். எங்கள் மக்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பிள்ளைக்கு முதல் முடி வெட்டுகிறவன் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அப்பன்.

ராக்னுல்ஃப் மடத்து ஆடுகளுக்கு ரோமம் கத்தரிப்பவன்; என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். பிரசவத்தில் பெண்டாட்டியும் பிள்ளையும் ஒரே நாளில் போய், தனிக்கட்டையாகிவிட்டான். என் மகன் ஓட்பெர்ட்டுக்கு நீதான் முதல் முடி வெட்டவேண்டும் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். பைத்தியக்காரன், அன்றிலிருந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தான்.

அறுவடை முடிந்த வாரம் காரியக்காரரின் ஆட்கள் ஓர் இளவரசனைப் பிடித்து மடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முடி போனால் பட்டத்துக்கு உரிமையும் போச்சு. துறவிகள் யாரும் கத்திரியைத் தொடத் துணியவில்லை. பட்டியில் நின்ற ராக்னுல்ஃபை இழுத்துப்போய் வெட்டவைத்தார்கள்.

ராஜவம்சத்தை அறுத்த கை பிள்ளைத் தலையில் படலாமா என்றது ஊர். நானும் அதையே சொன்னேன். ஓட்பெர்ட்டுக்கு மாவரைப்பவன் முடி வெட்டினான். ராக்னுல்ஃப் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போனான். எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

துறவியாக்கி மடத்திலேயே அடைத்த இளவரசனுக்கு உச்சந்தலையை மாதாமாதம் மழிக்கவேண்டும். அதற்கும் ராக்னுல்ஃபையே கூப்பிட்டார்கள். மூன்று வருஷம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் நான் மடத்துக்கு மெழுகு கொடுக்கப் போயிருந்தேன். குனிந்த தலை நிமிராமல் இளவரசன் கேட்டான்.

“எனக்கு முதல்முதல்ல முடி வெட்டுனது நீங்க. நம்ம வழக்கப்படி நீங்க எனக்கு அப்பாதானே? அப்படிக் கூப்பிடலாமா?”

ராக்னுல்ஃபின் கை நின்றது. முகம் ஒரு கணம் மலர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன். பிறகு அது சுருங்கிவிட்டது.

“வேண்டாம் சாமி. அப்பன் வெட்டுனா புள்ள ஆளாவான். நான் வெட்டினதால உங்கள இங்க அடைச்சிட்டாங்க. எனக்கு அந்தப் பேரு வேணாம்.”

“எனக்கு வேற யாரு இருக்கா?”

ராக்னுல்ஃப் மீதியையும் மழித்து முடித்தான்.

திரும்பும் வழியில், ஒத்துக்கொண்டிருக்கலாமே என்று கேட்டேன்.

“புள்ளத் தலையில படக்கூடாத கைதானேக்கா இது. நீயும்தானே சொன்னே.”

என் வீட்டு வாசல் வந்தது. உள்ளே ஓட்பெர்ட் சிரிக்கும் சத்தம் கேட்டது. ராக்னுல்ஃப் கொஞ்சம் நின்றான். உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் போய்விட்டான்.