சாலாக் செலாத்தானில் ஒரு நுரைத்தொட்டி

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் நேற்று தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பைன் எண்ணெய் வாசனை. தோசையை மறந்து, சாலாக் செலாத்தானில் இருந்த தாதுப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய்விட்டேன். என் முதல் வேலை அங்கேதான்.

பொடித்த தாதுவைத் தண்ணீரில் கலந்து, பைன் எண்ணெய் சில சொட்டு விட்டு, அடியிலிருந்து காற்றைச் செலுத்துவோம். உலோகத் துகள்கள் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையோடு மேலே வரும்; மற்றதெல்லாம் கீழே போகும். சட்டை முழுக்க அந்த வாசனைதான். பஸ்ஸில் என்னை ஆஸ்பத்திரி ஊழியர் என்றே நினைத்திருப்பார்கள். இஞ்சினியர் என்று சொன்னாலோ, எந்தக் கட்டடம் கட்டினாய் என்று உறவினர்கள் கேட்பார்கள்.

பண்டமாரானிலிருந்து வரும் தெரேசாவும் நானும் பகலில் அங்கே வேலை பார்த்து, மாலையில் முதுகலை படித்தோம். செலவு கூடத்துடையது. ஆய்வுக்கு நான் நுரையை எடுத்துக்கொண்டேன். கூடம் கால்வாயில் விடும் கழிவுநீரை அவள் கேட்டாள்.

“தண்ணிக்கு யாரும்மா காசு குடுப்பா?” என்றார் மேலாளர். தாது என்றால்தான் படிப்புச் செலவு என்றும் சொல்லிவிட்டார்.

“பேசாம தாதுவே எடுத்துக்க லா,” என்றேன், பஸ் நிறுத்தத்தில்.

“எல்லாரும் மேல வர்றதத்தான் பாக்குறீங்க,” என்றாள். கொஞ்ச நாளில் வேலையை விட்டு, கிள்ளானில் கழிவுநீர் சுத்திகரிக்கும் சிறு நிறுவனத்தில் சேர்ந்தாள். பிழைக்கத் தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் பட்டம் வாங்கிய கையோடு கூடத்தை மூடினார்கள். பரிசோதனைக்குத் தாது வருவது நின்றுபோயிருந்தது. எந்தச் சுரங்கமும் என் விண்ணப்பத்துக்குப் பதில் போடவில்லை. கடைசியில் கிள்ளானுக்கே எழுதினேன். நேர்காணலில் முதலாளிக்குப் பக்கத்தில் தெரேசா.

“நீங்க படிச்ச நுரை முறைய வச்சு, கழிவுத் தண்ணியில உள்ள எண்ணெய எடுக்க முடியுமா?” என்றாள். ‘நீங்க’வாம்.

“யோசிச்சதில்ல. முடியும்னுதான் தோணுது.”

முதலாளி போன் பேச வெளியே போனார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“நாளைக்கே வந்துரு லா. பழைய சட்டையா போட்டுக்க. இங்க நாத்தம் வேற மாதிரி.”

அவளிடம் வெகுகாலம் வேலை பார்த்தேன். நல்ல மேலதிகாரி. அவள் ஆஸ்திரேலியாவுக்குப் பாடம் நடத்தப் போன பிறகு அந்த நிறுவனமும் கைமாறி, பெயர்கூட மாறிவிட்டது.

சாலாக் செலாத்தானில் கூடம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது, முன்பு இங்கே என்ன இருந்தது என்று காவலாளியிடம் கேட்டேன்.

“ஒண்ணும் இல்ல பாஸ். வெறும் காடு,” என்றார்.

அப்படியா என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.