அளவம்மாவின் ஆறு மில்லிமீட்டர்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. முன்னறையில் கண் பார்ப்பவர் எழுதிக் கொடுக்கும் சீட்டைப் படித்து, சட்டத்துக்குள் கச்சிதமாக உட்காரும்படி லென்ஸைத் தேய்த்துத் தரவேண்டும். மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் மூக்கின் மேல் ஆடும். முப்பது வருஷமாக அதே முக்காலி, அதே தண்ணீர் சொட்டும் சக்கரம். அந்தக் கண்ணையும் கையையும் நம்பித்தான் அவள் கணவர் ஒரு நாள் சொன்னார்: "நீயே அளந்துடு. உன்னைவிட யாரு நல்லா அளக்கப் போறா?"

அளக்கச் சொன்னது படகுகளை. கணவர் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். எல்லாருக்கும் அவர் வாத்தியார். ஊரை ஒட்டிய நீர்த்தேக்கத்தில் பாய் விரித்துப் படகு ஓட்டுவதில் அவருக்குப் பித்து. தானே ஒரு சின்னப் பாய்ப்படகை வரைந்தார். பன்னிரண்டடி நீளம், இரண்டு பேர் உட்காரலாம், ப்ளைவுட் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தில் நாலு பேர் செய்தார்கள், பிறகு எட்டுப் பேர். சங்கம் வைத்தார்கள். ஒரே வரைபடத்தில் பிறந்த படகுகள் எல்லாம் ஒரே இனம், ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கக் கூடாது, போட்டியில் ஜெயிப்பது படகாக இருக்கக் கூடாது, ஓட்டுகிற ஆளாக இருக்கவேண்டும் என்று விதி எழுதினார்கள். அதற்கு யாராவது ஒவ்வொரு படகையும் அளந்து, சரியாக இருந்தால் பித்தளை வில்லையில் நம்பர் பொறித்து அடிக்க வேண்டும். அப்படித்தான் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் அளவம்மா ஆனாள். சொந்தப் பெயர் கடைச் சம்பளப் பதிவேட்டில் மட்டும் மிஞ்சியது.

முதல் வருஷமே அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. வாத்தியாரின் படகைத்தான் முதலில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நம்பர் ஒன்று. மூன்றாவது குறுக்குச் சட்டத்தில், நடுக்கோட்டிலிருந்து விளிம்புவரை எழுநூற்றுப் பதினேழு மில்லிமீட்டர் என்றது வரைபடம். படகில் எழுநூற்றுப் பதினொன்றுதான் இருந்தது. இன்னொரு தரம் அளந்தாள். பிறகு சங்கத்தார் படகு செய்யக் கடன் கொடுக்கும் அச்சுப்பலகைகளை எடுத்து அளந்தாள். அதிலும் பதினொன்று. வரைபடத்தைக் கடைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது விஷயம் புரிந்தது. வாத்தியார் போடும் ஏழுக்கு மேல்கோடு விழுவதும் விழாததும் பேனாவின் மனநிலையைப் பொறுத்தது. தானே எழுதிய ஏழைத் தானே ஒன்றென்று படித்து அச்சை வெட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலமே சொன்னாள். அவர் குழாயடியில் கையிலிருந்த பசையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஆறு மில்லிமீட்டர்தானே?" என்றார்.

"ரெண்டு பக்கமும் சேர்த்தா பன்னெண்டுங்க."

"எட்டுப் பேரு அந்த அச்சை வெச்சுக் கட்டி முடிச்சுட்டாங்க. எட்டுப் பேரையும் பிரிச்சுப் போடச் சொல்லவா? எல்லாம் ஒரே மாதிரி இருக்குல்ல, அது போதும். அடுத்த பிரதி எடுக்கும்போது திருத்திக்கலாம். அதுவரைக்கும் அச்சை வெச்சே அள."

அவளும் சரியென்றாள். எட்டுப் பேரின் ஆறு மாத உழைப்பு அவள் கண்முன் நின்றது. வரைபடத்தை மடித்து உறைக்குள் வைத்தாள். அவருடைய படகுக்கும் சேர்த்து ஒன்பது வில்லைகள் தயாராக இருந்தன, அடித்தாள்.

அடுத்த பிரதி வரவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. ஆறு மில்லிமீட்டர் உள்வாங்கியதால் படகின் பக்கவாட்டில், உள்ளங்கையை வைத்துத் தடவினால் தெரிகிற மாதிரி லேசான பள்ளம். இரண்டாம் வருஷம் இந்தப் படகுகள் வேறொரு இனத்தை முந்திக்கொண்டு வந்தபோது யாரோ அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்து, "இங்கதான்யா இருக்கு சூட்சுமம்" என்றார்கள். அதற்கு 'இடுப்பு' என்று பெயர் வைத்தார்கள். சங்கச் செயலாளரான பல் டாக்டர் துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டார்: 'தண்ணீரை அணைத்துச் செல்லும் இடுப்பு.' கண்காட்சிக்குக் கண்காட்சி அதைப் பற்றிப் பேசும்படி வாத்தியாரை முன்னால் நிறுத்தினார்கள். அவரும் பேசினார். கையால் காற்றில் வளைவு போட்டுக் காட்டி அவர் பேசுவதைக் கேட்க ஆட்கள் நகராமல் நிற்பார்கள். அளவம்மா பின்னால் ஸ்டூலில் அமர்ந்து, பிரசுரங்களை அடுக்குவாள்.

ஒன்பது பதினைந்தாயிற்று, பதினைந்து முப்பதாயிற்று. ஒவ்வொரு வில்லை அடிக்கும்போதும் தன் வீட்டுக் கதவில் இன்னொரு ஆணி இறங்குவதாக அவளுக்குத் தோன்றும். எட்டுப் பேரிடமே சொல்லாததை முப்பது பேரிடம் எப்படிச் சொல்வது? கடை முதலாளி வேறு ஊரில் புதுக் கிளை திறந்து, "நீங்க போய்ப் பொறுப்பெடுத்துக்கங்கம்மா" என்றார். அவள் போகவில்லை. போனால் வேறொருவர் அளக்க வருவார், வருகிறவர் வரைபடத்தைக் கேட்பார். கணவனின் படகுக்காக மனைவி பதவியை விட்டுக் கொடுத்தாள் என்று வாத்தியார் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஒருமுறை நில அளவைத் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர், "இந்த வேலையை நான் பார்த்துக்கறேன், நீங்க கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று வலிய வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வியே, "மூல வரைபடம் எங்க இருக்கு?" "இன்னும் ஒரு வருஷம் நானே பார்க்கறேன் சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அந்த ஒரு வருஷம் பத்தொன்பது வருஷத்தில் வந்து நின்றது, படகுகள் நாற்பத்து மூன்று.

நாற்பத்து நான்காவதைக் கொண்டுவந்தவர் ஒரு பஸ் டிரைவர். தூரத்து ஊர்க்காரர். அச்சுப்பலகை கேட்டு மூன்று தடவை எழுதியும் மூன்று தடவையும் அது வேறு யாரிடமோ இருந்தது. சரி போ என்று வரைபடத்தை மட்டும் தபாலில் வரவழைத்து, ஷிஃப்ட் இல்லாத நேரங்களில் இரண்டரை வருஷம் உட்கார்ந்து படகைச் செய்துவிட்டார். அந்த வருஷக் கண்காட்சியில் மூத்த படகையும் இளைய படகையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம் என்று பல் டாக்டர் யோசனை சொன்னார். கதவு திறக்கப் பத்து மணி. எட்டு மணிக்குக் கண்காட்சிக் கொட்டகைக்குள் புதுப் படகைக் கவிழ்த்துப் போட்டு, அளவம்மா அச்சை எடுத்தாள்.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வார்னிஷ் கண்ணாடி மாதிரி மின்னியது. விளக்கொளி முன்நுனியில் தொடங்கிப் பின்பலகைவரை ஒரே கோடாக ஓடியது. இடுப்பு இல்லை. மூன்றாவது குறுக்குச் சட்டத்தின் இடத்தில் அச்சு இறங்க மறுத்து, பற்றாத தொப்பி தலைமேல் நிற்பதுபோல் நின்றது.

"என்னக்கா, பொருந்தலையா?" என்றார் டிரைவர்.

வாத்தியார் வந்து குனிந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல தம்பி, வரைபடத்தைத் தப்பாப் படிச்சிருக்கீங்க. ரெண்டு பக்கமும் ஆறு மில்லிமீட்டர் இழைச்சுட்டா சரியாப் போயிடும்."

"பலகையோட கனமே ஆறு மில்லிமீட்டர்தான் சார். இழைச்சா ஜன்னல்தான் கிடைக்கும்."

பல் டாக்டர் சிரித்துச் சமாளித்தார். "நம்பர் இல்லாம காட்சிக்கு மட்டும் வைப்போம். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

டிரைவர் கோபப்படவில்லை. பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் படகின் அடிப்பாகத்திலேயே விரித்தார். மடிப்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. "எனக்கும் இந்த எண்ணுல சந்தேகம் வந்துச்சு. ஒண்ணுன்னு வெச்சு வளைச்சுப் பார்த்தேன், பலகை குழி விழுந்துச்சு. ஏழுன்னு வெச்சேன், வழுக்கிக்கிட்டுப் போச்சு. சரியான படகுல குழி இருக்காதேன்னு ஏழையே எடுத்துக்கிட்டேன். அக்கா, நீங்க அளக்கறவங்க. நீங்களே சொல்லுங்க. இது ஏழா, ஒண்ணா?"

அளவம்மா அந்த எண்ணைப் பார்க்கவே தேவையில்லை. பார்ப்பதுபோல் குனிந்தாள். நிமிர்ந்தால் மூன்று முகங்களைப் பார்க்க வேண்டும். குனிந்தபடியே சொன்னாள்: "ஏழு."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கதவு திறக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பல் டாக்டர் வரைபடத்தை அவசரமாகச் சுருட்டினார். படகுகளை நிமிர்த்தி வைத்தார்கள். கூட்டம் உள்ளே வந்தது. அன்று முழுக்க வாத்தியார் அவள் பக்கம் திரும்பவில்லை. வருகிறவர்களிடம் இடுப்பைப் பற்றி வழக்கம்போலப் பேசினார். பக்கத்திலேயே இடுப்பில்லாத படகு நின்றது, அதன் பக்கத்தில் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்கள் ஸ்டாலுக்கு மூன்று பக்கமும் தட்டி, நாலாவது பக்கம் கூட்டம். அளவம்மா ஒன்பது மணிநேரம் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று ராத்திரி சமையலறையில் அவள்தான் ஆரம்பித்தாள். "இன்னும் எத்தனை நாளைக்குங்க இதை இழுத்துக்கிட்டுப் போறது?"

"எதை?"

"அந்த ஏழை."

"எந்த ஏழு? அந்த ஆளு உளறுறதை நீயும் சேர்ந்து சொல்றியா? பத்துப் பேருக்கு முன்னால என்னை..."

"முதல் வருஷமே சொன்னேன்ல. குழாயடியில. எட்டுப் பேரைப் பிரிக்கச் சொல்லவான்னு கேட்டீங்களே."

அவர் அவளையே பார்த்தார். நடிக்கிறாரோ என்று அவள் தேடினாள். நடிப்பில்லை. முப்பத்திரண்டு வருஷம் பார்த்த முகம், அதில் பொய் எங்கே வந்து உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே ஒன்றுமில்லை. மனிதர் உண்மையாகவே மறந்துபோயிருந்தார். எப்போதோ, ஏதோ ஒரு கண்காட்சியில், தன் பேச்சைத் தானே நம்பிவிட்டிருந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இவ்வளவு வருஷமும் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பாரம் என்று நினைத்திருந்தாள். மறுமுனையில் ஆளே இல்லை. புதுக் கிளை, நில அளவைக்காரர், ஒவ்வொரு வில்லைக்கும் படபடத்த நெஞ்சு, எல்லாம் அவளுடைய கணக்கில் மட்டும்தான்.

அலமாரியிலிருந்து மூல வரைபடத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். வாத்தியார் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "நான் எழுதினதுதான்" என்றார். கொஞ்சம் கழித்து, "ஏன் அப்புறம் ஒருதடவைகூட ஞாபகப்படுத்தலை?" என்று கேட்டார். அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் விடியும்வரை சண்டை நடக்கும் என்பதால் சொல்லவில்லை.

மறுநாள் வாத்தியார் மதியம்தான் கண்காட்சிக்கு வந்தார். சவரம் செய்துகொள்ளவில்லை. ஒரு குடும்பம் நம்பர் ஒன்று படகின் பள்ளத்தைத் தடவிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டது. சுற்றிச் சங்கத்து ஆட்களும் நின்றிருந்தார்கள். "அது ஒரு தப்பு" என்றார் வாத்தியார். "ஏழை ஒண்ணுன்னு படிச்சு அச்சை வெட்டிட்டேன். நாற்பத்து மூணு படகும் தப்பு. இந்தத் தம்பியோடது மட்டும்தான் சரி."

எல்லாரும் சிரித்தார்கள். "வாத்தியாரோட அடக்கத்தைப் பாருங்க" என்று பல் டாக்டர் தோளில் கைபோட்டு அவரை அப்பால் அழைத்துப்போனார். வாத்தியார் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். மூன்றாவது ஆளிடம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. ஸ்டூலில் வந்து அளவம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நம்ப மாட்டேங்கறாங்க" என்றார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியவர் மாதிரி. அவள் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கண்காட்சி முடிந்த மறுவாரம் சங்கக் கூட்டம். இந்தத் தடவை அளவம்மாவே எழுந்து வரைபடம், அச்சு, அளவு எல்லாவற்றையும் மேஜையில் வைத்து, பத்தொன்பது வருஷத்தையும் கால் மணி நேரத்தில் சொன்னாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. சிலர் முகம் தொங்கிப்போயிற்று. யாரோ ஒருவர், "இடுப்பு இல்லைன்னா நாம யாரு?" என்று கேட்டார், கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார். இரண்டு மணி நேரம் பேசினார்கள். கடைசியில் ஓட்டெடுத்து, வரைபடத்தில் ஏழை அழித்து ஒன்று போடுவது என்றும், டிரைவர் படகுக்கு மட்டும் விதிவிலக்காக நாற்பத்து நான்காம் நம்பர் தருவது என்றும் முடிவு செய்தார்கள்.

"சரி" என்றாள் அளவம்மா. "இனிமே மறைக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. இந்த வேலையை வேற யாராவது எடுத்துக்கங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் எழுந்தார். "கட்டின புருஷன் படகுன்னுகூடப் பார்க்காம உள்ளதைச் சொன்னவங்க நீங்க. உங்களைவிட நம்பிக்கையான ஆளு எங்கம்மா கிடைப்பாங்க?" கைகள் எல்லாம் ஒரே சமயத்தில் உயர்ந்தன. டிரைவரின் கையும், வாத்தியாரின் கையும். அவள் ஒருத்தியின் கைதான் மடியில் கிடந்தது. குறிப்பேட்டில் 'ஒருமனதாக' என்று எழுதினார்கள்.

டிரைவர் படகை நீரில் இறக்கிய அன்று அவளைக் கூப்பிட்டார். "நீங்க ஒரு நாளும் படகுல ஏறினதே இல்லையாமே. வாங்கக்கா, ஒரு சுத்து." இத்தனை வருஷம் கரையிலேயே நின்றதற்கு அந்த அளவுகோல்தான் காரணம் என்று அவள் நம்பியிருந்தாள். ஏறினாள். பாய் படபடத்தது, படகு ஒரு பக்கம் சாய்ந்தது, முழங்கால் மடங்காமல் வலித்தது, சேலை தொடைவரை நனைந்தது. உட்கார இடமிருந்தது, அசைய இடமில்லை. பாதித் தூரத்தில், "திருப்பிடுங்க தம்பி" என்றாள். அவர் உடனே திருப்பினார்.

இடுப்பில்லாத படகு வேகமா, உள்ளது வேகமா என்று அந்த வருஷப் போட்டியில் தெரிந்துவிடும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். டிரைவர் ஒன்பதாவதாக வந்தார். அவருக்கு இன்னும் காற்றுப் பிடிபடவில்லை, அதனால் படகைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. வாத்தியார் பேச்சை விட்டுவிட்டார், பல் டாக்டரே பேசுகிறார். பிரசுரத்தில் இடுப்பு அப்படியே இருக்கிறது. போன மாதம் நாற்பத்து ஐந்தாவது படகு வந்தது, புது வரைபடத்தில் செய்தது. கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் போய் அளவம்மா அளந்தாள். எழுநூற்றுப் பதினொன்று, அச்சாகப் பொருந்தியது. செய்தவர் சந்தோஷம் தாங்காமல் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.